பெருங்காயக் காப்பியும் கஸ்தூரியின் மூக்கும்

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் ஓடியவர் மாணிக்கம் அண்ணன்தான்.

டம்ளரை வாயில் வைத்தார். ஒரு வாய் உறிஞ்சினார். கண் இரண்டும் பெரிசாயின. அவ்வளவுதான், கடை வாசலில் இருந்த நீல பக்கெட்டைப் பார்த்து ஓடினார். அவர் முதுகை இடித்துக்கொண்டு பிரபு தம்பி. அவருக்குப் பின்னால் பிரபுவின் மனைவி நந்தினி, வாயைப் பொத்திக்கொண்டு. அந்த பக்கெட்டை வாங்கி வைத்து மாசக்கணக்காகியிருந்தது. அதுவரைக்கும் அதில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

மாணிக்கம் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னா வெமலா, காப்பிக்குத் தாளிச்சிட்டியா?"

நான் என் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன். உதடு படும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கொத்தமல்லி விதை, சீரகம், அதற்கெல்லாம் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது பெருங்காயம். பால் காப்பியில் பெருங்காயம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி மட்டும் ஓடவில்லை. நிதானமாகக் குடித்தாள். டபராவில் மிச்சமிருந்ததையும் கவிழ்த்துக் குடித்தாள். உதட்டை நாக்கால் துடைத்துவிட்டு, "ஜோரா கீது. போன வாரத்துக்கு இது தேவலாம்," என்றாள்.

கடையே சிரித்தது. "பாரு, உன் மானத்தக் காப்பாத்துறா," என்று மாணிக்கம் அண்ணன் என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டவர்கள், யாரையும் கேட்க வெட்கப்பட்டு, பக்கத்து சீட்டுக்காரர்களின் முகத்தை வைத்தே பஸ் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

துப்புவதற்கு ஒரு பக்கெட்

காப்பித்தூள் கடையில் துப்புவதற்கு எதற்குப் பக்கெட் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் கடை சென்னைக்கு மேற்கே, குமணன்சாவடி சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கொட்டையை வறுத்து, அரைத்து, கேட்கிற அளவுக்குச் சிக்கரி கலந்து கொடுப்போம். பக்கத்திலேயே இன்னொரு மிஷின் உண்டு. மிளகாய், தனியா, மஞ்சள் எல்லாம் அதில்.

கடைக்கு இந்தப் பக்கம் பழைய வீடுகள். இங்கே இருப்பவர்களுடைய அப்பா அம்மாக்கள் எதிரே இருந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள். இப்போது பிள்ளைகள் கம்பெனிக்கும் பஸ் டிப்போவுக்கும் போகிறார்கள். அந்த நிலம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் இருப்பவர்கள் கோயம்புத்தூர், திருநெல்வேலி, சேலம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். நடுவில் ஓடுவது ஒரு சின்ன ரோடு. ஆனால் அதைத் தாண்டி ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வந்ததில்லை.

பிரபு தம்பி கோயம்புத்தூர்க்காரர். கம்பெனி வேலையாகக் கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். ஒருநாள் தூள் வாங்க வந்து நின்றுகொண்டே பேசினார்.

"அங்கெல்லாம் தெருவுக்கு ஒரு ஒயின் கடை இருக்குதுங்க்கா. சனிக்கிழமையானா அந்தத் தெரு ஆளுகளே அங்க கூடுவாங்க. கடைக்காரர் ஆளுக்கு ஒரு வாய் ஊத்துவாரு. மோந்து பாத்து, வாயில உருட்டிப் பாத்து, இது இப்படி இருக்குது, அது அப்படி இருக்குதுன்னு பேசுவாங்க. பேசிட்டுத் துப்பிருவாங்க."

"துப்பிடுவாங்களா?"

"ஆமாங்க்கா. அதுக்குன்னே ஒரு பாத்திரம் வெச்சிருப்பாங்க."

மிஷினுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் தயாளன் தலையை நீட்டினார். "நம்ம ஊரு ஒயின் ஷாப்லயும் துப்புவாங்க தம்பி. செவுத்துல."

பிரபு விடவில்லை. நம் கடையில் காப்பியை வைத்து அதையே செய்யலாமே என்றார். ஞாயிறு காலை, நாலு விதக் காப்பி, சின்னச் சின்ன டம்ளர், யார் வேண்டுமானாலும் வரலாம். எனக்கு ஆள் சேர்ந்தால் போதும், பேச்சுக்குப் பேச்சு ஆச்சு. சரி என்றேன். அடுத்த வாரமே அவர் ஒரு நீல பக்கெட்டோடு வந்துவிட்டார்.

பக்கெட்டைப் பார்த்ததும் மாணிக்கம் அண்ணன் கேட்டார். அவர் ஐயப்பன்தாங்கல் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "இது இன்னாத்துக்கு நைனா?"

"குடிச்சுப் பாத்துட்டுத் துப்பறதுக்குங்க."

"பால் ஊத்துன காப்பியத் துப்புனா, கறந்து குட்த்த மாட்டுக்கு இன்னா மருவாத?"

பால் இல்லாமல் வெறும் டிகாக்‌ஷனை ருசி பார்க்கலாம் என்று பிரபு சொல்லிப் பார்த்தார். அது எங்கள் தெருவில் எடுபடவில்லை. பாலோடு, சர்க்கரையோடு, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்கள். பக்கெட் சும்மாவே கிடந்தது.

கரும்பலகையில் ஏறிய வார்த்தைகள்

ருசி பார்ப்பவர்கள் பழ வாசனை வருகிறது, சாக்லேட் வாசனை வருகிறது என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்பது பிரபுவின் ஆசை. எங்கள் ஆட்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.

பீபரி என்கிற ஒற்றைக்கொட்டை ரகத்தைக் குடித்துவிட்டு மாணிக்கம் அண்ணன் சொன்னார்: "காலங்காத்தால டிப்போல மொத வண்டி ஸ்டார்ட் ஆன மாறி கீது."

எதிர்க் குடியிருப்பில் இருக்கும் திருநெல்வேலி டீச்சர் ஒரு கலவையைக் குடித்துவிட்டு, "இது சம்பந்தி வீட்டுக் காப்பி. மரியாதை இருக்கு, ருசியில்ல," என்றார்.

சிக்கரி தூக்கலான ஒன்றைக் கஸ்தூரி குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "உள்ள போயிட்ச்சி. ஆனா இன்னும் பேசிக்கினே கீது."

எனக்குப் படிப்பு எட்டோடு சரி. ஆனால் நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் அதைத் தரையில் விழவிட மாட்டேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை மாட்டி எல்லாவற்றையும் எழுதினேன். இப்போது எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ரகத்தின் பேரைச் சொல்வதில்லை. "அந்தப் பேசிக்கினே இருக்கிறதுல கால் கிலோ குடுங்க," என்பார்கள். சம்பந்தி வீட்டுக் காப்பி மட்டும் சரியாகப் போகவில்லை. பேரை மாற்றச் சொல்லி வீட்டுக்காரர் கெஞ்சினார். மாட்டேன் என்றுவிட்டேன்.

பலகையில் பாதிக்கு மேல் கஸ்தூரியின் வாய்தான். அவள் எங்கள் தெருக்காரி, என் வயசு. வீட்டிலேயே சமைத்து, எதிர்க் குடியிருப்பிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கேரியரில் அனுப்புவாள். தெருவில் நடந்து போகும்போதே, "அஞ்சலை ஊட்ல பால் பொங்குது, ஓடு," என்று குரல் கொடுப்பாள். அஞ்சலை ஓடிப்போய்ப் பார்த்தால் பொங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மூக்கு.

எங்கள் கடைக்கு அடுத்த ஷட்டர் ரூமை மெஸ் வைப்பதற்காக அவள் பேசி முடித்திருந்தாள். பொங்கல் கழித்துத் திறப்பு. சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. வேலை எதுவும் இல்லாவிட்டாலும் தினம் ஒருதரம் ஷட்டரைத் தூக்கி, உள்ளே நின்று பார்த்துவிட்டு இறக்குவாள்.

கட்டிங் ஆயில்

மூக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். லேத்தில் கடைந்த இரும்புச் சாமான்களை எண்ணெய் துடைத்து, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்க வேண்டும். எத்தனை சீயக்காய் போட்டாலும் தலைமுடியிலிருந்து அந்த எண்ணெய் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் பூ வைத்த பொம்பிளை உட்கார்ந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அக்கா என் தலையில் ரெண்டு முழம் மல்லிகையைச் சுற்றிவிட்டாள். காப்பியை நீட்டக் குனிந்தேன். மாப்பிள்ளை டம்ளரை வாங்கிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கட்டிங் ஆயிலா?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "நானும் லேத்துதான். ரெண்டு பேருக்கும் ஒரே சென்ட்டு, செலவு மிச்சம்," என்றார்.

அந்த மனுஷன்தான் காப்பிக்குப் பெருங்காயம் போட்டவர். இப்போது அங்கே திரும்புவோம்.

பெருங்காய டப்பா

எல்லாரும் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் காப்பி மிஷினின் பெல்ட் அறுந்திருக்கிறது. ஞாயிறு ஆட்கள் வருவார்களே என்று மசாலா மிஷினிலேயே கொட்டையைப் போட்டு அரைத்திருக்கிறார். அதற்குச் சற்றுமுன்தான் ஒரு கல்யாண வீட்டுக்காக அதில் தனியாவும் சீரகமும் கட்டிப் பெருங்காயமும் அரைபட்டிருக்கின்றன.

"நான் என்ன முட்டாளா? ரெண்டு கை அரிசி போட்டு ஓட்டிட்டுத்தானே காப்பியப் போட்டேன்?"

"பெருங்காயம் அரிசிக்குப் போகுமாய்யா? ஒரு மூட்டை போட்டாலும் போகாது!"

கஸ்தூரி டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எத்தனையோ வாரமாக அவள் வாயிலிருந்து பலகைக்கு ஒன்றும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எதைக் கொடுத்தாலும் ஜோரா கீது, ஜோரா கீது என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் எப்போது சொன்னாள்? மற்றவர்கள் எல்லாம் சொல்லி முடித்த பிறகு.

பெருங்காய டப்பாவைத் திறந்தேன். அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இது என்ன, சொல்லு."

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஈரக் கையோடு அப்படியே கொட்டை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பலேர்ந்து கஸ்தூரி?"

"தீவாளிக்கு முன்னாடி ஜொரம் வந்துச்சே, அப்பலேர்ந்து."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"போனேன். மூக்கு நரம்பு தூங்குதாம். தானா எய்ந்துக்கினாலும் எய்ந்துக்குமாம். இல்லாங்காட்டி இல்லியாம். கிராம்பு, எலுமிச்சம்பயம்னு டெய்லி நாலு சாமான மோந்து பாத்துக்கினே இருன்னாரு. நானும் கதவ சாத்திக்கினு மோந்து மோந்து பாத்தேன். காகிதத்த மோந்த மாறி கீது. வுட்டுட்டேன்."

"சமைக்கிறியே, எப்படி?"

"உப்பு தெர்து. புளிப்பு தெர்து. மொளகா எரியுது. அத்தோட சரி. டிவில சவுண்ட கொறச்சிட்டு படம் பாக்குற மாறி." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது. "பருப்பு அடிபுடிச்சா பொக வந்தாத்தான் தெரியிது. அன்னிக்கு ஒரு நாளு கேஸ தொறந்து வுட்டுட்டு, தீப்பெட்டியத் தேடிக்கினு கீறேன் வெமலா. எங்க ஊட்டுக்காரு உள்ள வந்து கத்துனதுக்கப்பறந்தான்…"

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ரூம்புக்கார ஓனர வரச் சொல்லிக்கீறேன். வர்ற ஞாயித்துக்கெயம சாவியக் குட்த்துட்றேன். மோப்பம் இல்லாதவ மெஸ்ஸு வெச்சா எவன் வந்து துன்னுவான்? நீ யாராண்டயும் வாயத் தொறக்காத. ஊட்டுக்காராண்டயே, அன்னிக்கு கேஸ மூட மறந்துட்டேன்னுதான் சொல்லிக்கீறேன்."

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வாக்கு என்று தெரியும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு

வாயைத்தான் திறக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லையே. அவள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு மோந்து பார்த்ததுதான் தப்பு என்று எனக்குத் தோன்றியது. கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ரெண்டு வாய் கூட இறங்குகிறதா இல்லையா? அது மாதிரி இதுவும் ஏன் இருக்கக் கூடாது?

ஞாயிறு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். இந்த வாரம் குடிப்பதற்கு ஒன்றும் கிடையாது, காப்பி மிஷினுக்குப் பெல்ட் இன்னும் வரவில்லை, மசாலா மிஷின் பெருங்காயத்திலிருந்து மீளவில்லை. ஆளுக்கு ஒரு பொருளைத் துணியில் மூடி எடுத்து வாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

கஸ்தூரி எனக்குத் தனியாகப் போன் செய்து, எழுத முடியாத நாலு வார்த்தை திட்டினாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே.

நந்தினி நாரத்தை இலை கொண்டுவந்தாள். டீச்சர் பனங்கற்கண்டு. பிரபு ஏதோ புதுச் செருப்பு. நான் கிராம்பும் எலுமிச்சம்பழமும் வைத்தேன். மாணிக்கம் அண்ணன் டிப்போவுக்கே போய் கிரீஸ் துடைத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

நல்ல சிரிப்பு. பிரபு கிராம்பை மோந்துவிட்டு, "பல்லு டாக்டருங்க," என்றார். டீச்சர் செருப்பை மோந்துவிட்டு, "ஐயே, புதுச் செருப்பு! யார் வீட்டு மாப்பிள்ளை?" என்றார்.

கஸ்தூரியின் முறை வந்தது. கண்ணைக் கட்டினோம். முதலில் எலுமிச்சம்பழம். "சளி புடிச்சிக்கினு கீது, ஒண்ணியும் தெர்ல," என்று ஒதுக்கினாள். அடுத்து கிரீஸ் துணி. முன்னால் நடந்த சிரிப்பிலிருந்து எதையோ பிடித்துக்கொண்டு, "நாரத்த எலதானே?" என்றாள்.

மாணிக்கம் அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "கிரீஸப் போயி நாரத்தன்றியே கஸ்தூரி! மெஸ்ஸு தொறந்தீன்னா எங்களுக்கு கிரீஸ் ஊறுகாதானா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கண் கட்டை அவிழ்த்தாள். சிரிப்பு அடங்கும்வரைக்கும் கண்ணைக் கட்டியிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணாத்தே, எனக்கு மூக்கு செத்துப் போயி மாசக்கணக்காவுது," என்றாள். "பேரு மட்டும் கஸ்தூரி. நீ கிரீஸ வெச்சாலும் ஒண்ணுதான், ரோசாப் பூவ வெச்சாலும் ஒண்ணுதான். இன்னிக்கு ஓனரு வராரு, சாவியக் குட்த்துட்றேன். உங்களுக்கு கிரீஸ் ஊறுகா வராது. பயப்படாதீங்கோ."

மாணிக்கம் அண்ணன் கையில் இருந்த கிரீஸ் துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையிலேயே திணித்துக்கொண்டார்.

எனக்கு பிரபுவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. தினமும் அவள் கேரியரில் சாப்பிடுகிறவர் அவர்தான். அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எதிர்க் குடியிருப்பு முழுக்கப் போய்விடும்.

பிரபு தொண்டையைச் செருமினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மாசமா சாம்பார்ல பெருங்காயம் ரொம்பத் தூக்கலா இருக்குதுங்க. சொல்லச் சொல்லி நந்தினி தினம் சொன்னா. எனக்குத்தான் தைரியம் வரலீங்க."

கஸ்தூரி நிமிர்ந்தாள். "அடக் கஸ்மாலம்! அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"மறுநாள் நீங்க கேரியர் அனுப்பலைன்னா நான் என்னங்க பண்றது? இவ சமையல்…" என்று ஆரம்பித்து, நந்தினியின் பார்வையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முதலில் சிரித்தது கஸ்தூரிதான். அழுகையோடு கலந்து வந்த சிரிப்பு. ஆனாலும் சிரிப்பு.

"பெருங்காயம் மட்டும்தானே? உப்பு, புளி எல்லாம் சரியாத்தானே இருக்கு," என்றாள் நந்தினி. "எனக்கு வீட்டுலேர்ந்துதான் வேலை. நீங்க சமைச்சு இறக்குற நேரத்துல வந்து நான் மோந்து பாத்துச் சொல்றேன். ஒரு அஞ்சு நிமிஷ வேலை."

"தெனமும் நீ வருவியா?"

"நான் வராத அன்னிக்கு இவங்க யாராவது வரட்டும்."

மாணிக்கம் அண்ணன் வாயைத் திறந்தார். கேலி பண்ணியவர் இல்லையா, குரல் கொஞ்சம் அடங்கித்தான் வந்தது. "செவ்வாக்கெயம நான் வரேன். ரிடையர் ஆனவனுக்கு இன்னா வேல."

"உன் மூக்குக்கு டீசல வுட்டா இன்னா தெரியும்?"

"அடிபுடிச்சா தெரியும்மே. இஞ்சின் அடிபுடிச்சா ரெண்டு தெரு தாண்டியே சொல்லுவேன். பருப்புல தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து ரூம் ஓனர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "இன்னாம்மா, அவசரமா வரச் சொன்னியே, இன்னா சமாச்சாரம்?"

கஸ்தூரியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. அங்கேயே நின்றது. எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இந்த முறை அவள் எங்கள் முகத்தில் எதையும் தேடவில்லை.

"ஒண்ணியும் இல்ல நைனா. உள்ள சுண்ணாம்பு அடிக்கணும். உங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அடிக்கலாம்னுதான்."

கடன் வாங்கிய மூக்குகள்

அதற்கப்புறம் நடந்த கூத்தைத் தனியாகவே எழுதலாம். திங்கள் நந்தினி, செவ்வாய் மாணிக்கம் அண்ணன், புதன் டீச்சர், மற்ற நாள் நான். கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிந்து மோந்து பார்ப்போம். கஸ்தூரி கரண்டியோடு பக்கத்தில் நிற்பாள், பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாதிரி.

ஆளுக்கு ஒரு மூக்கு என்றால் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. டீச்சருக்குப் பூண்டு போதாது. நந்தினிக்குப் பூண்டு ஜாஸ்தி. மாணிக்கம் அண்ணனுக்கு எதுவுமே அடிபிடிக்கவில்லை என்றால் ஏமாற்றம். "இன்னா, ஒண்ணியும் தீயலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கடைசியில் கஸ்தூரியே ஒரு வழி கண்டுபிடித்தாள். தீர்ப்பு வேண்டாம், விவரம் மட்டும் சொல்லுங்கள் என்றாள். எந்த வாசனை முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது, எது வரவே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு அவளே கை வைப்பாள். கேட்டுக் கேட்டுச் சமைத்தாள். சாம்பார் பழையபடி ஆனது. பிரபு கேரியரைக் கழுவின மாதிரி திருப்பி அனுப்பினார்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கருவியையும் பிரபு மாட்டிவிட்டார். கேஸ் கசிந்தால் கத்தும். அவள் வீட்டுக்காரரிடமும் அந்த வாரமே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லையாம். எழுந்து போய் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பிக்கு முன்னால் கிராம்பும் எலுமிச்சம்பழமும் சுற்றி வருவது வழக்கமாகவே ஆகிவிட்டது. எல்லாரும் மோந்து பார்ப்போம். அவள் முறை வரும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டோம். அவளும் ஒவ்வொரு வாரமும் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் நீட்டிவிடுவாள்.

திறப்பு

பொங்கல் கழிந்து ஒரு நல்ல நாளில் மெஸ்ஸைத் திறந்தாள். காலை நாஸ்தாவுக்கு இட்லி, வடகறி, சாம்பார். காப்பி எங்கள் கடையிலிருந்து. நான்கு பெஞ்சுதான். இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் இடித்துக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. தட்டு வைக்க இடமில்லாமல் பிரபு தன் தட்டை மாணிக்கம் அண்ணனின் முழங்கையோடு ஒட்டி வைத்திருந்தார்.

எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை இன்னும் சரியாக வந்து சேரவில்லை. குடியிருப்புகளின் தொட்டிக் கழிவையெல்லாம் லாரியில்தான் எடுத்துப் போக வேண்டும். அப்படி ஒரு லாரி, எதிர்க் குடியிருப்பில் ரொப்பிக்கொண்டு வெளியே வந்தது. ரோட்டில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருந்தார்கள். முன்னால் வண்டிகள் நின்றன. லாரியும் நின்றது. நேராக மெஸ் வாசலில்.

அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு கையால் தட்டை மூடினார்கள், மறு கையால் மூக்கை மூடினார்கள். "திறந்த அன்னிக்கேவா," என்று டீச்சர் முனகினார். "கஸ்தூரி, ஷட்டர எறக்கு!" என்று மாணிக்கம் அண்ணன் கத்தினார்.

கஸ்தூரி சாம்பார்க் கரண்டியோடு வெளியே வந்தாள். அவள் திட்டினால் லாரி என்ன, ரோடே நகரும். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. லாரியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மூக்கு மட்டும் லேசாக விடைத்தது.

"வெமலா… இன்னாமோ வருது."

"எல்லாருக்கும்தான் வருது. உள்ள வாடி!"

"இல்லடி." என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "நாறுதுடி. எனக்கு நாறுது!"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவளைக் கட்டிக்கொண்டேன். சாம்பார்க் கரண்டி என் முதுகில்.

மாணிக்கம் அண்ணன் வாயில் இட்லியோடு எழுந்து நின்று உள்ளே பார்த்துச் சொன்னார்: "கஸ்தூரிக்கு நாறுதாம்பா!" பெஞ்சு முழுக்க எழுந்தது. மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டே கை தட்டுவது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தொடையில் தட்டினார்கள், மேஜையில் தட்டினார்கள். நந்தினி துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் உள்ளே ஓடிப்போய் ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து அவள் மூக்கருகே வைத்தேன். இழுத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "இது இன்னும் இல்ல. அதுதான் வருது." சிரித்தாள். "பரவால்ல, வரட்டும். எதுனா ஒண்ணு மொதல்ல வரட்டும்."

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. லாரியும் உறுமிக்கொண்டு கிளம்பியது. கஸ்தூரி ஓடிப்போய்க் கரண்டியால் அதன் கதவைத் தட்டினாள்.

"அண்ணாத்தே, நில்லு! ரெண்டு நிமிசம் நின்னுட்டுப் போ!"

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். கெட்ட வார்த்தைக்குத் தயாரான முகம். "யக்கா, இம்மா வருசமா இந்த வண்டிய ஓட்றேன். சீக்கிரம் எடுறான்னுதான் எல்லாம் கத்துவானுங்கோ. நில்லுன்னு சொன்ன மொத ஆளு நீதான்."

"ஓரங்கட்டிட்டு எறங்கு. நாஸ்தா துன்னுட்டுப் போ. மொத பெஞ்சில குந்து."

அவர் எங்களைப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பிரபு நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயைக் காட்டினாள். "சோப்பு போட்டுக் கைய கய்விட்டு வா. ஏமாத்தாத. இனிமே எனக்குத் தெரியும்."